அப்பா வந்தால் எழுந்து போய்விடும் மகன்

கேள்வி:

எனக்கு வயது 47, மகனுக்கு 16. நான் கண்டிப்பானவன்தான், மறுக்கவில்லை. என் அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்து வளர்த்தார். என் பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது என்று அவன் பிறந்தபோதே முடிவு செய்தேன், இன்றுவரை காப்பாற்றியும் வருகிறேன். ஆனால் நேரத்துக்கு எழ வேண்டும், நேரத்துக்குப் படிக்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் போன் கூடாது, வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

சின்ன வயதில் என் தோளை விட்டு இறங்காத பிள்ளை அவன். போன மாதம் அவனுடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கணக்குத் தேர்வில் அவன் மதிப்பெண் குறைந்ததைச் சொல்லி, "இவனோடு சேர்ந்தால் நீங்களும் உருப்பட மாட்டீர்கள்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. கேட்டால் "ம்", "இல்லை", "தெரியல" அவ்வளவுதான். நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறான். ஒரு நாள் அவன் அம்மாவிடம், "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதும்மா" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அவன் தூங்கிய பிறகு தினமும் அவனுடைய சைக்கிள் பிரேக்கையும் டயரில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அவனுக்காகத்தான் ஓடுகிறேன். கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள் என்கிறாள் மனைவி. விட்டால் கெட்டுப்போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. வளர்ந்த பிறகு புரிந்துகொள்வான் என்று காத்திருக்கலாமா? இல்லை, என் கண்டிப்பை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம். காத்திருக்கவும் வேண்டாம், கண்டிப்பை விடவும் வேண்டாம். விட வேண்டியது வேறொன்று. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த சைக்கிள் பிரேக். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. உங்கள் மகனுக்கு இருக்கிறது. ஏன் என்று பார்க்க, அவனுடைய ஒரு நாளை அவன் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். காலையில் அவன் காதில் விழும் உங்கள் முதல் வார்த்தை என்ன? "இன்னுமா தூங்குகிறாய்?" சாயங்காலம்? "படித்தாயா?" இரவில்? "போனை வை." இதெல்லாம் அவன் விழித்திருக்கும்போது நடப்பவை. பிரேக்கைப் பார்ப்பது அவன் தூங்கிய பிறகு. உங்கள் கண்டிப்பு முழுவதும் அவன் கண் முன்னால் நடக்கிறது, உங்கள் அக்கறையில் பெரும்பகுதி அவன் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. தான் பார்த்ததை வைத்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். அம்மாவிடம் சொன்னது அந்த முடிவைத்தான். அதை நன்றி கெட்ட பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற பிள்ளைக்கு இன்னும் உங்களைப் பிடித்திருக்கிறது.

ரொனால்ட் ரோனர் என்ற அமெரிக்க அறிஞர் இந்த ஒரு விஷயத்தையே பல பத்தாண்டுகள், பல நாடுகளில் ஆராய்ந்தார். பெற்றோர் பிள்ளையை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதைவிட, தான் நேசிக்கப்படுவதாகப் பிள்ளை உணர்கிறதா என்பதுதான் அதன் மனநலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அவருடைய ஆய்வுகளின் மையம். அதில் அப்பாக்களுக்கு ஒரு முக்கியமான செய்தியும் உண்டு. அப்பாவின் அன்பு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், அம்மாவுடையதைப் போலவே பிள்ளையைப் பாதிக்கிறது, சில விஷயங்களில் அதைவிட அதிகமாகவும் பாதிக்கிறது. ஆகவே, "அம்மா அன்பாக இருக்கிறாள், நான் கண்டிப்பாக இருக்கிறேன், கணக்கு சரியாகிவிடும்" என்று நீங்கள் மனதுக்குள் நினைத்திருந்தால் அந்தக் கணக்கு சரிவராது. அம்மாவிடம் கிடைப்பது அம்மாவின் அன்பு. உங்களுடையது கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

இப்போது கண்டிப்புக்கு வருவோம். "விட்டுப்பிடியுங்கள்" என்று உங்கள் மனைவி சொல்வதும், "விட்டால் கெட்டுப்போவான்" என்று நீங்கள் பயப்படுவதும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: அன்பு கூடினால் கண்டிப்பு குறைய வேண்டும், கண்டிப்பு கூடினால் அன்பு குறைய வேண்டும் என்ற நம்பிக்கை. அது சரியல்ல. 1960-களில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பெற்றோர்கள் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தை வகைப்படுத்தினார். கண்டிப்பான பெற்றோரில் அவர் இரண்டு வகையைப் பார்த்தார். ஒரு வகையினர் விதி வைப்பார்கள், காரணம் கேட்டால் "நான் சொல்கிறேன், செய்" என்பார்கள். இன்னொரு வகையினரும் விதி வைப்பார்கள், அதில் உறுதியாகவும் நிற்பார்கள், ஆனால் காரணம் சொல்வார்கள், பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்கள், நியாயம் இருந்தால் மாற்றியும் கொள்வார்கள். இந்த இரண்டாவது வகை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையோடும் பொறுப்போடும் இருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த வீடுகளிலும் அப்படி வரவில்லை. அதனால்தான் கண்டிப்பை விட வேண்டாம் என்கிறேன். எல்லையே இல்லாத வீட்டில் 16 வயதுப் பையன் நிம்மதியாக இருப்பதில்லை.

நீங்கள் விட வேண்டியது அவமானப்படுத்துவதை. அதை மட்டும், ஆனால் முழுவதுமாக.

அந்த நாளுக்கே திரும்பிப் போகலாம். நண்பர்கள் முன்னால் "இவனோடு சேர்ந்தால் நீங்களும் உருப்பட மாட்டீர்கள்" என்றீர்கள். விளையாட்டாகச் சொன்னேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் 16 வயதில் நண்பர்களின் கண்ணில் தான் யார் என்பது ஒரு பையனுக்குக் கிட்டத்தட்ட எல்லாமும். அந்த வயதில் மூளையே சக வயதினரின் மதிப்பீட்டுக்குக் கூர்மையாகக் காது கொடுக்கும்படி இருக்கிறது. அந்த வாக்கியத்தில் கணக்குப் பாடம் பற்றி ஒன்றுமே இல்லை என்பதையும் கவனியுங்கள். "இந்த முறை சரியாகப் படிக்கவில்லை" என்றால் அது அவன் செய்த ஒரு காரியத்தைப் பற்றிய பேச்சு. "உருப்பட மாட்டாய்" என்றால் அது அவனையே பற்றிய தீர்ப்பு. முன்னதை அவன் மாற்றிக்கொள்ள முடியும். பின்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? எழுந்து அறைக்குள் போவான்.

நீங்கள் கை ஓங்காமல் இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடி வாங்கி வளர்ந்த ஒருவர் அடிக்காமல் வளர்ப்பது மிகப் பெரிய காரியம். உங்கள் அப்பாவின் பெல்ட் உங்களோடு நின்றுபோயிருக்கிறது. ஆனால் பெல்ட் மட்டும்தான் நின்றிருக்கிறது, குரல் தொடர்கிறது என்று தோன்றுகிறது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களில், பிள்ளைகளின் 13, 14 வயதுக் காலத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். கத்துவது, திட்டுவது, "சோம்பேறி", "முட்டாள்" என்று பட்டம் கொடுப்பது ஆகியவற்றுக்கு ஆளான பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டுக்குள் மனச்சோர்வின் அறிகுறிகளும் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன. பிள்ளையின் நடத்தை மோசமாக ஆக, பெற்றோர் கத்துவதும் கூடியது. அதாவது கத்தல் பிள்ளையைத் திருத்தவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. உங்களுக்கு வலிக்கக்கூடிய செய்தி இதற்கு அடுத்தது. மற்ற நேரங்களில் பெற்றோர் பாசமாக இருந்தாலும் அந்தப் பாதிப்பு குறையவில்லை. "நான் எவ்வளவு பாசமானவன் என்று அவனுக்குத் தெரியும், அதனால் திட்டினால் பரவாயில்லை" என்ற நினைப்புக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை.

"வளர்ந்த பிறகு புரிந்துகொள்வான்" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை புரிந்துகொள்வான். தனக்கு ஒரு பிள்ளை பிறக்கும்போது, முப்பது வயதுக்கு மேல், அப்பாவை நினைத்துக் கலங்குகிறவர்கள் நிறைய. ஆனால் 16-க்கும் 30-க்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது, யாரோடு பழகுவது, யாரைக் காதலிப்பது, முதல் தோல்வி, முதல் கடன், முதல் பெரிய தப்பு. இத்தனையையும் அவன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடந்து வருவான். அப்புறம் வந்து சேரும் புரிதலால் உங்கள் இருவருக்கும் என்ன பயன்?

அவன் பேசாமல் இருப்பதை மரியாதைக் குறைவாக நீங்கள் பார்ப்பதுபோல் தெரிகிறது. நான் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கிறேன். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் தப்பான வழியில் போவது குறைவு என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அதனால் "கண்காணியுங்கள்" என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோருக்கு அந்த விவரமெல்லாம் எங்கிருந்து வந்தது? துருவிக் கேட்டதாலும் கட்டுப்படுத்தியதாலும் வந்ததைவிட, பிள்ளையே வந்து சொன்னதால் வந்ததுதான் அதிகம். நல்ல விளைவுகளும் அதோடுதான் சேர்ந்திருந்தன. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. 16 வயதுப் பையனைப் பின்தொடர்ந்து போய் யாராலும் காவல் காக்க முடியாது. அவனாக வந்து சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எனவே உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், நீங்களே யோசியுங்கள். ஓர் இரவு அவன் மாட்டிக்கொள்கிறான். குடித்துவிட்டு வண்டி ஓட்டப்போகும் நண்பனோடு இருக்கிறான், அல்லது யாரோ அவனுடைய படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், அல்லது பெரிய தப்பு ஒன்றைச் செய்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்கிறான். கையில் போன் இருக்கிறது. உங்களை அழைப்பானா? இன்றைய நிலையில் "அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்பதுதான் அவனுடைய முதல் நினைப்பாக இருக்கும் என்று அஞ்சுகிறேன். இனி நீங்கள் செய்யப்போகும் எல்லாமே அந்த இரவில் அவன் உங்களை அழைக்க வேண்டும் என்பதற்காக. மதிப்பெண், போன், காலையில் எழுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்லாமே உங்களால் வந்தது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் அறைக்கதவு சாத்தப்படுவதும், ஒற்றைச் சொல்லில் பதில் வருவதும், நண்பர்களே உலகமாக இருப்பதும் ஓரளவு எல்லா வீட்டிலும் உண்டு. முன்னே யோசிப்பதற்கும் உணர்ச்சியை அடக்குவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மகன் அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுகிறான், நண்பர்களை வீட்டுக்கே அழைத்து வந்திருக்கிறான். இரண்டும் நல்ல அறிகுறிகள்.

சரி, என்ன செய்வது? முதலில் மன்னிப்பு. அதற்கு முன்னால் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

பெற்ற பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று தோன்றலாம். கேட்டால் பயம் விட்டுப்போகும் என்றும் தோன்றலாம். தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? எப்படி ஒப்புக்கொள்வது என்று காட்ட இதைவிட நல்ல நேரம் வராது. தனியாக, அவன் அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: "அன்றைக்கு உன் நண்பர்கள் முன்னால் நான் அப்படிச் சொன்னது தப்பு. உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. இனிமேல் யார் முன்னாலும் உன்னை அப்படிப் பேச மாட்டேன்." அவ்வளவுதான். "ஆனால் நீயும் படித்திருக்க வேண்டும்" என்று ஒரு வால் சேர்த்தால் முன்னே சொன்னதெல்லாம் அழிந்துவிடும். "விளையாட்டாகச் சொன்னேன்" என்பதும் வேண்டாம். அவனுக்கு அது விளையாட்டாக இல்லை. அம்மாவை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் வையுங்கள், அதுவும் நல்லதுதான்.

அவன் "ம்" என்பான். முகத்தைக்கூடத் திருப்பாமல் இருக்கலாம். "நான் இவ்வளவு இறங்கி வந்தும்..." என்று உள்ளே பொங்கும். அந்த இடத்தில் பொறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற மன்னிப்பில் அவனுக்கு ஒரு வேலை வைக்கிறீர்கள். அவன் அதைத் தனியாக நூறு முறை யோசிப்பான், சந்தேகம் வேண்டாம். அதே நண்பர்கள் மறுபடி வந்தால், வாங்க தம்பிகளா என்று சாதாரணமாகப் பேசுங்கள், போதும். ஈடுகட்டுவதற்காக அவர்கள் முன்னால் அவனைத் தூக்கிவைத்துப் புகழ வேண்டாம். அது அவனுக்கு இன்னும் கூச்சமாக இருக்கும்.

இன்னொன்றையும் அவனிடம் என்றாவது சொல்லலாம். உங்கள் கடிதம் முழுக்கப் பயம் இருக்கிறது. அவன் கெட்டுப்போவானோ, பின்தங்கிவிடுவானோ, உங்களைப்போல் கஷ்டப்படுவானோ என்ற பயம். அது வெளியே வரும்போது கோபமாக மாறி வருகிறது, அவனுக்குத் தெரிவது கோபம் மட்டும்தான். "நீ நேரம் கழித்து வரும்போது எனக்கு முதலில் பயம்தான் வருகிறது, அதைச் சொல்லத் தெரியாமல் கத்திவிடுகிறேன்" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்குப் பயம் உண்டு என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

அடுத்தது அந்த சைக்கிள். தூங்கிய பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு விடுமுறை நாள் காலையில் பாருங்கள். "பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்றலாமா, ஸ்பானரைப் பிடி" என்று கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாமல் நீங்களே செய்யுங்கள், அடுத்த முறை மறுபடி கூப்பிடுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து "உன்னிடம் பேச வேண்டும்" என்றால் இந்த வயதுப் பையன்கள் விசாரணை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையில் ஒரு வேலை இருக்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, பேச்சு எளிதாக வருகிறது. என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. அந்த நேரத்தில் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கூடாது. அவனாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கு உடனே அறிவுரை வரும். அதை விழுங்கிவிட்டு "அப்படியா, அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்வதில் உங்களுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று கட்டாயம் வரும், நண்பன் சிகரெட் பிடிக்கிறான் என்றோ, வகுப்புக்குப் போகாமல் சுற்றினார்கள் என்றோ. அங்கே நீங்கள் முகம் மாறினால் அதுதான் அவன் உங்களிடம் சொல்லும் கடைசிச் செய்தி. கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மறுநாள் பேசலாம்.

இதெல்லாம் கொஞ்சம் பழகி, வீட்டில் காற்று லேசான பிறகு, ஒரு மாதம்போல் கழித்து, விதிகளை எடுத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள். உங்கள் கடிதத்தில் எல்லா விதிகளும் ஒரே வரிசையில், ஒரே எடையோடு நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றை அப்படிப் பார்ப்பதில்லை. ஜூடித் ஸ்மெட்டானா என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தான விஷயங்களிலும், மற்றவரைப் பாதிக்கும் விஷயங்களிலும் பெற்றோர் விதி வைப்பதைப் பதின்பருவப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். முடி, உடை, அறை, பாட்டு, நண்பர்கள்போல் "இது என் சொந்த விஷயம்" என்று நினைப்பவற்றில்தான் சண்டை வருகிறது. ஒன்றுமில்லாத விஷயங்களில் பிடிவாதம் பிடித்தால், முக்கியமான விஷயத்தில் நீங்கள் சொல்வதும் அதே கூச்சலாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

ஆகவே பிரியுங்கள். வெளியே போனால் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்ல வேண்டும் என்பது இருக்கட்டும், அதில் நில்லுங்கள். குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வாக்கும் கொடுங்கள்: "எந்த நேரமாக இருந்தாலும் கூப்பிடு, வந்து அழைத்துக்கொண்டு போவேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." இரவில் போன் வேண்டாம் என்ற விதியும் நியாயமானது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை, படுக்கையில் போன் இருந்தால் அது நடக்காது. ஆனால் அந்தக் காரணத்தை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் போனும் அதே நேரத்தில் அதே இடத்தில் சார்ஜில் போடப்படுகிறதா? அவனுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனை, எல்லோருடையதும் வெளியே இருந்தால் அது வீட்டு வழக்கம்.

காலையில் எழுவதில் கொஞ்சம் இளகுங்கள். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. பெரியவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் அவர்களுக்கு வருவதில்லை, காலையில் எழவும் முடிவதில்லை. அது சோம்பல் அல்ல, உடலின் இயல்பு. பள்ளி நாளில் எழுந்துதான் ஆக வேண்டும், விடுமுறை நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் கூடத் தூங்கட்டும். எந்தப் பாடத்தை எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதையும், முடி எப்படி வெட்டுவது, அறை எப்படி இருப்பது என்பதையும் அவனிடமே விட்டுவிடுங்கள். விதியை மீறினால் என்ன என்பதையும் அன்றைக்கே, யாருக்கும் கோபம் இல்லாத நேரத்தில், சேர்ந்தே முடிவு செய்யுங்கள். சின்னதாக இருக்கட்டும். நேரம் தாண்டி வந்தால் மறுநாள் வெளியே போவதில்லை, அவ்வளவு. அதோடு முடிந்தது, அடுத்த வாரம் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது.

அந்தக் கணக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்களுக்குத் தெரியுமா? ஏதோ ஒரு பாடம் புரியாமல் போய் அதற்குமேல் எல்லாம் சரிந்திருக்கலாம், ஆசிரியரோடு ஏதாவது இருக்கலாம், வகுப்பில் யாராவது தொந்தரவு கொடுக்கலாம், அந்தப் பாடமே அவனுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். பேச்சு திரும்பிய பிறகு "அந்தத் தேர்வில் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்கிற குரலில் தீர்ப்பு இல்லை என்றால் பதில் வரும்.

கோபம் வராமல் இருக்காது. வரும். கோபத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது காது சரியாகக் கேட்பதில்லை, உடம்பு தணிய குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்று குடும்ப உறவுகளை ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்கிறார். "இப்போது பேசினால் கத்திவிடுவேன், அரை மணி நேரம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். திரும்பி வராமல் விட்டால் அவனுக்கு அது முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத்தான் தெரியும்.

உங்கள் மனைவியிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் வேலையை அவர் மெதுவாக விட வேண்டும். "அப்பாகிட்ட நீயே கேளு" என்று அவர் சொல்லட்டும். அதே நேரம் அவன் அம்மாவிடம் தனியாகச் சொல்வதை நீங்கள் வாங்கித் தெரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். அவன் மனம்விட்டுப் பேச வீட்டில் ஓர் ஆள் இருப்பது பெரிய நிம்மதி, அதைக் கெடுக்க வேண்டாம்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் அவன் எல்லோரிடமிருந்தும் ஒதுங்கினால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிட்டால், தூக்கமோ சாப்பாடோ தலைகீழாக மாறினால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்ட தடயம் தெரிந்தாலோ அன்றைக்கே. "நாடகம் போடுகிறான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்ட மறுவாரம் ஓடிவந்து கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல வருடங்களாகக் கேட்ட குரல் மாறிவிட்டது என்பதை அவன் லேசில் நம்ப மாட்டான். சோதித்துப் பார்ப்பான். ஒரு நாள் வேண்டுமென்றே நேரம் கழித்து வருவான், அல்லது ஒரு மோசமான தேர்வுத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டுவான். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு, பேசி வைத்த விளைவு நடக்கட்டும், தேர்வுத் தாளைப் பற்றிப் பேச ஒரு நேரம் குறியுங்கள், ஆனால் அவனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் வர வேண்டாம். தவறி வந்துவிட்டால் அன்றிரவே போய் அதற்கும் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் குடும்ப ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். வீட்டில் ஒருவர் பேசும் விதம் மாறினாலே மற்றவருக்கும் பழையபடி பதில் சொல்வது கஷ்டமாகிவிடும்.

மன்னிப்பை மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.